கடைகாலைத் தேர்ந்த வரலாறு

வீடு கட்ட முற்படுவோர் சுவரின் நிறத்தைப் பற்றியும் கூரையின் வடிவைப் பற்றியும் பல நாள் ஆராய்வர். கடைகாலைப் பற்றி அத்துணை ஆராய்வோர் மிகச் சிலரே. கட்டி முடித்தபின் கடைகால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் சுவரில் வெடிப்புக் கண்டால், கொத்தனார் முதலில் தோண்டிப் பார்ப்பது அதனைத்தான்.

கணினி உலகிலும் இத்தகைய கடைகால் ஒன்று உண்டு. கணினியின் உறுப்புகளை நேரே ஆள்வது கெர்னல் எனப்படும் உட்கரு. கடிதம் எழுதும் செயலியும், கணக்குப் பார்க்கும் செயலியும், இணையம் காட்டும் செயலியும் பெரும்பாலும் அவ்வுட்கருவுடன் நேரே உரையாடுவதில்லை. இடையே ஒரு நிரலகம் நிற்கிறது. லைப்ரரி என்று ஆங்கிலத்தார் வழங்குவதையே இங்கு நிரலகம் என்கிறோம். கோப்பைத் திறந்து கொடு, நினைவகத்தில் இத்துணை இடம் ஒதுக்கு, இன்று என்ன நாள் என்று சொல், இவ்விரு சொற்களுள் அகராதியில் முந்தி நிற்பது எது என்று கூறு என்றெல்லாம் செயலிகள் கேட்பது இந்நிரலகத்திடமே. சி என்னும் கணினி மொழியில் அமைந்ததாதலின் இதற்குச் சி நிரலகம் என்பது பெயர்.

யாரும் எடுத்து ஆராயவும் திருத்தவும் உரிமையளிக்கும் கட்டற்ற இயங்குதளங்களின் வரலாற்றில், எந்தச் சி நிரலகத்தை அடித்தளமாகக் கொள்வது என்னும் வினா மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. அவ்வினாவுக்கு வெவ்வேறு காலத்தில் அளிக்கப்பட்ட விடைகளையும், அவ்விடைகளில் தமிழுக்கு நேர்ந்த ஆக்கத்தையும் இழப்பையும் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. நெடுங்கணக்கின் வரிசையும் எழுத்தின் எண்ணிக்கையுங்கூட இன்று அங்கேதான் முடிவு செய்யப்படுகின்றன.

நூற்பாவும் உரையும்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டு யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்கேயே சி மொழியும் உருவாயிற்று. பல்வேறு நிறுவனத்தார் தத்தமக்கென யூனிக்ஸ் வகைகளை உண்டாக்கிக்கொள்ளவே, ஒன்றில் எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காத நிலை ஏற்பட்டது. இக்குழப்பத்தை நீக்க, நிரலகம் எவ்வெவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என வரையறுக்கும் போசிக்ஸ் தரம் 1988-இலும், சி மொழிக்கான அமெரிக்கத் தரம் 1989-இலும் வகுக்கப்பட்டன.

தரம் என்பது நூற்பாவைப் போன்றது. நிரலகம் என்பது அதற்கு எழுதப்படும் உரையைப் போன்றது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒன்றே. ஆயினும் இளம்பூரணர் காட்டும் பொருளும், சேனாவரையர் நிறுவும் பொருளும், நச்சினார்க்கினியர் கொள்ளும் பொருளும் எல்லா இடத்தும் ஒன்றாக இல்லை. நூற்பா வாய்திறவாத இடங்களில் உரையாசிரியர் தம் கருத்தை நிரப்புகின்றனர். நிரலகத்திலும் அவ்வாறே. தரம் சொல்லாமல் விட்ட இடத்தில் ஒரு நிரலகம் ஒன்றைச் செய்யும்; மற்றொன்று வேறொன்றைச் செய்யும். ஓர் உரையை மட்டுமே பயின்ற மாணவன் மற்றோர் உரையைக் கண்டு திகைப்பதுபோல, ஒரு நிரலகத்தின் பழக்கத்தை நம்பி எழுதிய செயலி மற்றொன்றின்மேல் வைத்தவுடன் தடுமாறும். எனவே நிரலகத்தைத் தேர்தல் என்பது ஒரு பொருளைக் கடையில் வாங்குவது போன்ற செயலன்று. ஓர் உரைமரபை ஏற்றுக்கொள்ளும் செயலாகும்.

முதற் பிளவும் முதற் கூட்டமும்

எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க முழு இயங்குதளம் ஒன்றை ஆக்கும் நோக்குடன் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டில் குனு திட்டத்தை அறிவித்தார். அதற்குரிய சி நிரலகத்தை ரோலண்டு மெக்ராத் என்னும் இளைஞர் 1980-களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கினார். ஜிலிப்சி எனச் சுருக்கமாக வழங்கப்படுவது அதுவே.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் உட்கருவை வெளியிட்டார். லினக்ஸை வளர்த்தோர்க்கு ஒரு நிரலகம் உடனே தேவைப்பட்டது. குனு திட்டத்தாரின் நடை அவர்களுக்கு மெதுவாகத் தோன்றிற்று. ஆகவே அவர்கள் ஜிலிப்சியின் படியொன்றை எடுத்துத் தம் விருப்பப்படி திருத்தி, லினக்ஸ் லிப்சி என்னும் தனி நிரலகமாக வளர்த்தனர். அதன் பதிப்பு எண் ஐந்துவரை ஏறிற்று.

இதற்கிடையில் மூலநிரலகம் வாளாவிருக்கவில்லை. 1997-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த ஜிலிப்சி 2.0, ஒரே செயலியில் பல வேலைகளை ஒருங்கே நடத்தும் வசதியிலும், பன்மொழிகளைக் கையாளும் திறத்திலும், தரங்களைப் பின்பற்றும் ஒழுங்கிலும் பிரிந்து சென்ற நிரலகத்தை விஞ்சி நின்றது. பிரிந்தோர் மீண்டும் வந்து சேர்ந்தனர். ரெட் ஹேட் நிறுவனம் 1997-இன் இறுதியில் வெளியிட்ட 5.0 பதிப்பிலும், டெபியன் குழுவினர் 1998-இல் வெளியிட்ட 2.0 பதிப்பிலும் புதிய ஜிலிப்சியே அடித்தளமாயிற்று.

திரும்பி வந்தோர் தாம் இடையிற் செய்த திருத்தங்களை மூலநிரலகத்தில் சேர்க்க இயலவில்லை. எந்த வரியை எவர் எழுதினார் என்பதற்குச் செம்மையான பதிவு அவர்களிடம் இல்லை. குனு திட்டத்தாரோ உரிமைப் பதிவில் மிகக் கண்டிப்பானவர்கள். ஏட்டுச் சுவடியில் இடைச்செருகலைப் பிரித்தறிய முடியாமல் பதிப்பாசிரியர் இடர்ப்படும் நிலைக்கு இஃது ஒப்பாகும். ஆண்டுக்கணக்கில் பலர் செய்த உழைப்பு, கணக்கு வைக்காத ஒரு குறையால் கைவிடப்பட்டது. பழைய நிரலகம் ஐந்துடன் முடிந்தமையால், புதியதன் கோப்புக்கு ஆறு என்னும் எண் இடப்பட்டது. லினக்ஸ் கணினிகளில் ஜிலிப்சியின் கோப்புப் பெயரில் நிற்கும் ஆறு என்னும் எண், அந்தப் பழைய பிரிவின் தழும்பே.

டெபியனார் விலகியதும் மீண்டதும்

இரண்டாவது பிளவு 2009-இல் நிகழ்ந்தது. டெபியன் என்பது உலகெங்குமுள்ள தொண்டர்கள் கூடி நடத்தும் இயங்குதளம். பிற இயங்குதளங்கள் பல அதனின்று கிளைத்தவை. அதன் நிரலகப் பராமரிப்பாளருள் ஒருவரான ஔரேலியன் ஜார்னோ, ஜிலிப்சியை விடுத்து ஈஜிலிப்சி என்னும் கிளையை ஏற்கப்போவதாக அவ்வாண்டு மே மாதத்தில் அறிவித்தார்.

காரணங்கள் தெளிவானவை. டெபியன் பல்வகைச் சில்லுகளில் இயங்குவது. ஈஜிலிப்சியோ சிறு கருவிகளில் அமையும் சில்லுகளுக்கும் இடம் தந்து வளர்க்கப்பட்டது. ஒவ்வொரு பதிப்பையும் தொடர்ந்து பழுதுபார்க்கும் ஒழுங்கு அங்கே இருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, வெளியார் அனுப்பும் திருத்தங்களை அன்புடன் வாங்கி ஆராயும் போக்கும் இருந்தது. ஜிலிப்சியின் தலைமை அக்காலத்தில் திருத்தங்களைக் கடுமையாக மறுப்பதாகப் பலரும் குறைகூறி வந்தனர். கருவியின் தரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது கருவியைக் காக்கும் மனிதரின் பழகுமுறை. ஆகவே இத்தேர்வில் மென்பொருள் நுட்பத்தைவிட மக்கட்பண்பே பெரிதாக நின்றது எனலாம்.

இத்தகைய தேர்வு அதைச் செய்தவரோடு நிற்பதில்லை. சென்னையில் சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனைத் தழுவி அமைந்ததாகும். அதனைக் கொண்டு பள்ளியில் தமிழில் தட்டெழுதிய மாணவன் டெபியனின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டான். ஆயினும் டெபியனார் எங்கோ இருந்து செய்யும் முடிவு அவன் மேசைவரை வந்து சேரும்.

பிளவு பயனின்றிப் போகவில்லை. 2012-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜிலிப்சியின் நெறிப்படுத்தும் குழு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அதன்பின் உழைப்போர் அனைவரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறை வந்தது. ஈஜிலிப்சியில் விளைந்த நலன்கள் மூலநிரலகத்தில் படிப்படியாகச் சேர்ந்தன. தனிக்கிளைக்கு இனித் தேவையில்லை என்றானபோது, 2014-இல் டெபியனார் ஜிலிப்சிக்கே மீண்டனர். 2015-இல் வந்த டெபியன் 8 மீண்டும் ஜிலிப்சியின்மேல் நின்றது. முதற் பிளவில் பிரிந்தோர் தம் உழைப்பை இழந்து திரும்பினர். இரண்டாவதில் தம் உழைப்பையும் உடன்கொண்டு திரும்பினர். இடையில் உலகம் கணக்கு வைக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

முன்னிருந்தும் பின்னிருந்தும்

நிரலகத்தைக் காப்போர்க்கும் அதனை நம்பி வாழ்வோர்க்கும் இடையே எழும் முறையீட்டுக்கு 2010-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று நல்ல சான்று. நினைவகத்தின் ஓரிடத்திலுள்ளதை மற்றோர் இடத்திற்குப் படியெடுக்கும் பணிக்கு மெம்காப்பி என்று பெயர். எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது தரத்தின் விதி. படிந்தால் என்ன ஆகும் என்பதைத் தரம் சொல்லவில்லை. அவ்வாறு படிய நேர்ந்தால் மெம்மூவ் என்னும் வேறு பணியை அழைக்கவேண்டும்.

ஜிலிப்சி நெடுநாள் முன்னிருந்து பின்னாகப் படியெடுத்து வந்தது. அதனால் விதியை மீறிய செயலிகள் சிலவும் தற்செயலாகப் பிழைத்து நடந்தன. புதிய இன்டெல் சில்லுகளில் விரைவு கூடும்பொருட்டு 2.13 பதிப்பில் அது பின்னிருந்து முன்னாகப் படியெடுக்கத் தொடங்கியது. உடனே பெடோரா 14 இயங்குதளத்தில் பிளாஷ் செயலி வழியே பாட்டுக் கேட்டோர் காதில் சிதைந்த ஒலி விழுந்தது.

தவறு எவருடையது? நூற்பாவின்படி நோக்கினால் செயலியை எழுதியவருடையது. ஆனால், பாட்டுக் கேட்பவர்க்கு நூற்பா ஒரு பொருட்டன்று. நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று கெட்டது என்பதே அவர் அறிந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் இப்பக்கம் நின்று வாதிட்டார். முடிவில் ஒரு நடுவழி காணப்பட்டது. புதிதாக உருவாகும் செயலிகளுக்குப் புதிய மெம்காப்பியும், முன்னரே உருவான செயலிகளுக்குப் பழைய போக்கும் கிடைக்குமாறு 2.14 பதிப்பில் இரண்டையும் வெவ்வேறு பதிப்புக் குறியுடன் வைத்தனர். இலக்கணத்தில் பழையன கழிதலும் உண்டு, வழுவமைதியும் உண்டு. அடித்தள நிரலகம் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

சுங்கை வே முதல் சிறு நிரலகங்கள் வரை

பெட்டாலிங் ஜெயாவை அடுத்த சுங்கை வே, கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழில் வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற ஊர். 1970-களில் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. மோட்டோரோலா முதலிய மின்னணு நிறுவனங்கள் வந்து தொழிற்சாலை நிறுவின. தோட்டப்புறத்தை விட்டு நகர்ப்புறம் வந்த தமிழர் குடும்பங்களிலிருந்தும் இத்தகைய ஆலைகளுக்கு வேலைக்குச் சென்றோர் உண்டு. மோட்டோரோலாவின் சில்லுப் பிரிவு 2004-இல் பிரீஸ்கேல் என்னும் தனி நிறுவனமாகி, 2015-இல் என்.எக்ஸ்.பி. நிறுவனத்துடன் இணைந்தது.

சிறு நிரலகங்களின் கதை அந்த மோட்டோரோலாவின் சில்லு ஒன்றையொட்டித் தொடங்குவது குறிப்பிடத்தக்கது. பெருங்கணினிகளில் ஒரு செயலியின் நினைவிடத்தை மற்றொன்று தீண்டாமல் காக்கும் உறுப்பு ஒன்று உண்டு. மோட்டோரோலா 68000 குடும்பத்தைச் சேர்ந்த சிறு சில்லுகளில் அவ்வுறுப்பு இல்லை. அத்தகைய சில்லிலும் லினக்ஸை ஓட்டும் முயற்சி 1998-இல் யூசிலினக்ஸ் என்னும் பெயரில் வெளிப்பட்டது. அங்கே ஜிலிப்சியை வைத்தால், குடிசைக்கு மாளிகையின் கடைகாலைப் போட்டதாக முடியும். ஆகவே யூசிலிப்சி என்னும் சிறு நிரலகம் தோன்றியது. வீடுகளில் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர் பெட்டிகள் பலவற்றுள் அதுவே புகுந்தது.

2011-இல் ரிச் பெல்கர் என்பார் மசல் என்னும் புதிய நிரலகத்தை வெளியிட்டார். சிறியதாகவும், தரத்தை வழுவாததாகவும், நினைவகம் தீர்ந்துபோன வேளையிலும் நிலைகுலையாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன் 1.0 பதிப்பு வந்தது. அவ்வாண்டு சூன் மாதத்திலேயே ஆல்பைன் லினக்ஸ் என்னும் இயங்குதளம் தன் 3.0 பதிப்பில் யூசிலிப்சியை விட்டு மசலுக்கு மாறிற்று. 2015-இல் ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டியும் அவ்வழியே சென்றது. ஆல்பைனின் அடிப்படைத் தொகுப்பு ஏறத்தாழ 5 மெகாபைட் அளவே ஆதலின், ஒரு பெருங்கணினியில் பல சிறு அறைகளை அமைத்துச் செயலிகளை ஓட்டும் டாக்கர் முறை பரவியபோது ஆல்பைனும் உலகெங்கும் பரவியது.

கைப்பேசிக்குரிய ஆண்ட்ராய்டைப் படைத்த கூகுள் நிறுவனமோ வேறு கணக்குப் போட்டது. ஜிலிப்சியின் உரிமம், அதனைத் திருத்தி வெளியிடுவோர் அத்திருத்தத்தையும் உலகுக்குத் தரவேண்டும் எனக் கட்டளையிடுவது. அக்கட்டளை இல்லாத பி.எஸ்.டி. மரபு நிரலகத்தைத் தழுவிப் பயோனிக் என்பதை அந்நிறுவனம் உருவாக்கிக்கொண்டது. ஆகத் தேர்வுக்குரிய காரணங்கள் நான்கு வகைப்பட்டன: திறம், அளவு, உரிமம், காப்போரின் பண்பு. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதுவே மொழி.

தமிழ் என்பது எத்தனை எழுத்து?

தமிழ் என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று கேட்டால், முதல் வகுப்பு மாணவனும் த, மி, ழ் என மூன்று என்பான். சி நிரலகத்தைக் கேட்டால் பதினைந்து என்னும். ஒருங்குறியின்படி அச்சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. யூடிஎப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். பைட்டை எண்ணும் பணி பதினைந்து என விடை தருகிறது. குறியை எண்ணும் பணி ஐந்து என விடை தருகிறது. மூன்று என்னும் விடை நிரலகத்தின் இவ்விரு பணிகளிலும் இல்லை. அதற்கு மேலே வேறு நிரல் எழுதவேண்டும்.

வரிசை முறை இதனினும் நுட்பமானது. வரம், வலம், வளம், வனம் என்பது நெடுங்கணக்கு வழிப்பட்ட அகராதி வரிசை. றகரமும் னகரமும் நம் நெடுங்கணக்கின் கடைசி எழுத்துகள் அல்லவா? ஒருங்குறிப் பட்டியலிலோ னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. அவ்வெண்களை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தினால் வனம், வரம், வலம், வளம் என்று வரும். இறுதியில் நிற்கவேண்டிய சொல் முதலில் வந்து நிற்கும். அவ்வாறே புள்ளியின் குறி எண் மெய்க்குறிகளின் எண்ணைவிடப் பெரிது. அதனால் அகராதியில் முந்தவேண்டிய அக்கம் என்னும் சொல், அகம் என்னும் சொல்லுக்குப் பிந்திவிடும்.

மொழிக்கேற்ற வரிசையைத் தரும் கடமை சி நிரலகத்தினுடையது என்பது தரத்தின் நோக்கம். இக்கடமையை ஜிலிப்சி மேற்கொண்டுள்ளது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வந்த 2.28 பதிப்பில், அனைத்துலகத் தர நிறுவனத்தின் 14651 எண்ணுடைய வரிசைப் பட்டியலின் புதிய வடிவை அது ஏற்றது. அவ்வொரு மாற்றத்தால் உலகெங்கும் தரவுத்தளம் நடத்துவோர் தம் சொல்லடைவுகளைப் புதிதாகக் கட்டவேண்டியதாயிற்று என்றால், அடித்தளத்தில் ஓர் எழுத்து இடம் மாறுவதன் பளு விளங்கும். மசலோ 2024-இல் வந்த 1.2.5 பதிப்புவரை வரிசைப் பணியில் பைட்டின் எண்ணையே நோக்கியது, மொழி நோக்கவில்லை. எளிமையே அதன் கொள்கையாதலின் அதனைக் குறை என்று மட்டும் சொல்வதற்கில்லை. ஆயினும் அதன்மேல் தமிழ் அகராதி ஒன்றை நிறுவுவோர், வரிசைக்கு ஐ.சி.யூ. போன்ற வேறு நிரலகத்தை நாடவேண்டும். அதை அறியாது நிறுவினால், அகராதி தவறான வரிசையில் வெளிவரும். கணினி காட்டியதே சரியென மாணவர் நம்பவுங்கூடும்.

கோலாலம்பூரார் பங்கு

ஒருங்குறி பரவுமுன் தமிழைக் கணினியில் எழுத ஒவ்வோர் எழுத்துரு ஆக்கியோரும் ஒவ்வொரு குறிமுறையைக் கையாண்டனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலவில்லை. இவ்விடரைத் தீர்க்க 1990-களின் பிற்பகுதியில் இணைய அஞ்சல் வழியே பல நாட்டுத் தமிழர் கூடி ஆய்ந்து திஸ்கி என்னும் பொதுக் குறிமுறையை வகுத்தனர். கோலாலம்பூரில் முரசு அஞ்சல் செயலியை உருவாக்கிய முத்து நெடுமாறனும், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலார் கு. கல்யாணசுந்தரமும் அம்முயற்சியில் முன்னின்றோர். 1999-ஆம் ஆண்டு பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் வேறு இரு முறைகளைத் தரமாக ஏற்றது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று.

இதன்பின் நிகழ்ந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. 2002-ஆம் ஆண்டில் புரூனோ ஹைபிள் என்னும் மென்பொருள் அறிஞர், திஸ்கியை ஒருங்குறியாகவும் ஒருங்குறியைத் திஸ்கியாகவும் மாற்றும் நிரலை எழுதி ஜிலிப்சியில் சேர்த்தார். இஃது எளிய வேலையன்று. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் முறையில் அடுக்கப்படும். கெ என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கும். ஒருங்குறியில் ஒலிக்கும் முறைப்படி ககரம் முன்னும் எகரக்குறி பின்னும் நிற்கும். ஆகவே மாற்றும் நிரல், கொம்பைக் கண்டவுடன் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யைப் பார்த்தபின்னரே இரண்டையும் இடம்மாற்றித் தரவேண்டும்.

அரசாணை பெற்ற டாமும் டாபும் ஜிலிப்சியில் இடம்பெறவில்லை. அரசாணை இல்லாத திஸ்கி இடம்பெற்றது. 2007-இல் அனைத்துலக இணையக் குறிமுறைப் பதிவேட்டிலும் திஸ்கியின் பெயர் ஏறியது. பல நாட்டார் அவையில் ஆய்ந்து வெளிப்படையாக எழுதிவைத்த முறையை, தமிழரல்லாத ஒருவரும் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. திஸ்கியில் எழுதிய பழைய மடல்களும் கட்டுரைகளும் கதைகளும் ஒருவர் கையில் இருந்தால், ஜிலிப்சி உள்ள கணினியில் ஒரே கட்டளையால் இன்றைய எழுத்தாக்கலாம். மசலின் மாற்றுப் பட்டியலில் 1.2.5 பதிப்புவரை திஸ்கி இல்லை. அங்கே அவ்வேடுகளைத் திறப்பதற்கு வேறு சாவி வேண்டும்.

மற்றொரு செய்தியும் மலேசியத் தமிழர்க்குரியது. நாணயம், நாள், கிழமை முதலியவற்றை எந்நாட்டு வழக்கப்படி எழுதுவது என்பதற்கு நிரலகத்தில் மொழியும் நாடும் சேர்ந்த பதிவுகள் உண்டு. ஜிலிப்சியில் தமிழுக்கு நெடுங்காலமாக நின்றவை இந்தியப் பதிவும் இலங்கைப் பதிவுமே. ஒருங்குறிக் கூட்டமைப்பின் பொதுத் தொகுப்பிலோ மலேசியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் தனித்தனி இடம் உண்டு. ரிங்கிட்டில் கணக்கெழுதும் தமிழர்க்கு அடித்தளத்திலும் ஒரு பதிவு வேண்டுமெனில், அதனை எழுதி அனுப்பத் தடையேதுமில்லை. கட்டற்ற மென்பொருளின் பயன் இதுவே: கேட்கும் உரிமையோடு செய்யும் உரிமையும் சேர்ந்தே வருகிறது.

நாள் கணக்கும் நாளைய கணக்கும்

சி நிரலகம் காலத்தை 1970-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நொடிகளாக எண்ணி வைக்கிறது. 32 பிட் கணினிகளில் அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2038-ஆம் ஆண்டு சனவரி 19-ஆம் நாளில் நிறைந்துவிடும். மலேசிய நேரப்படி அது முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 நொடி. அதற்கடுத்த நொடியில் பழைய கருவிகள் 1901-ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிட்டதாகக் கணக்கிடும்.

இதனைத் தீர்க்கும் முறையிலும் இரு நிரலகங்களின் மனப்போக்கும் வேறுபட்டன. மசல் 2020-ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த 1.2.0 பதிப்பில் எல்லாக் கருவிக்கும் 64 பிட் காலக்கணக்கை ஒரே அடியாக ஏற்றது. பழைய செயலிகள் மிகப் பலவற்றைத் தாங்கும் ஜிலிப்சியோ, 2021-இல் வந்த 2.34 பதிப்பில், விரும்புவோர் ஏற்கலாம் என வழிவிட்டது. டெபியனார் 2024-இல் ஆயிரக்கணக்கான தொகுப்புகளைப் புதிதாகக் கட்டி, 2025-இல் வந்த டெபியன் 13-இல் அம்மாற்றத்தை நிறைவேற்றினர். பழைய செயலிகளின் பொருட்டு ஒரு பழங்கணினி வகைக்கு மட்டும் விலக்களித்தனர். சிறு குடும்பம் ஒரே நாளில் வீடு மாறலாம். பெருங்குடி பெயர்வதற்கு ஆண்டுகள் பிடிக்கும்.

தேர்வோர் நினைவில் வைக்கவேண்டியவை

இவ்வரலாற்றை நோக்குவோர்க்குச் சில உண்மைகள் தோன்றும். எல்லார்க்கும் ஏற்ற நிரலகம் என ஒன்றில்லை. ரவுட்டர் பெட்டிக்கு மசல் தகும். தமிழ் அகராதியும் பழைய திஸ்கி ஏடுகளும் வைத்திருக்கும் நூலகத்திற்கு ஜிலிப்சி தகும். பிரிந்து செல்வது குற்றமன்று. கணக்கு வைக்காமல் பிரிவதே குற்றம். காப்போரின் பண்பு கருவியின் திறத்திற்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று.

மலேசிய அரசு 2004-ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கெனத் திறமூல மென்பொருட் பெருந்திட்டம் வகுத்தது. அத்தகைய திட்டங்கள் வரும்போதெல்லாம் பேச்சு திரையில் தோன்றும் செயலிகளைப் பற்றியே எழுவது இயல்பு. தமிழ்ப் பள்ளிக்குக் கணினி வாங்கும் குழுவினர், அதில் தமிழ் எழுத்துத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வரம், வலம், வளம், வனம் என்னும் நான்கு சொற்களைக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லிப் பார்க்கலாம். அரை நிமிடத்தில் முடியும் இச்சோதனை, சொற்களை வரிசைப்படுத்தும் நிரல் தமிழ் நெடுங்கணக்கை அறியுமா அறியாதா என்பதைக் காட்டிவிடும். வனம் முதலில் வந்து நின்றால், குறையை எழுதித் தெரிவிக்கும் கடமை அவ்வரிசையைக் கற்பிப்போர்க்கும் உண்டு. மென்பொருள் எழுதுவோர் அனைவரும் நெடுங்கணக்கு அறிந்தவரல்லர். அறிந்தவர் சொல்லாதிருந்தால் தவறான வரிசையே மாணவர்க்குப் பழகிப்போகும்.